மகனுக்காகச் சொன்ன பதில்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில், பாணுக்கும் மாவுக்கும் விடிவதற்கு முன்பே வரிசையில் நின்ற வருடங்களில், மாத்தளைப் பகுதியில் பிறந்த குழந்தைகள் சிலரைப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்தவர்கள் தராசில் வைத்து நிறுத்தார்கள். பசி ஒரு குழந்தையை என்ன செய்கிறது, வளர்ந்த பிறகு அந்தப் பசி உடம்பில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிவதற்காகத் தொடங்கிய ஆய்வு அது. சில வருடங்களுக்கு ஒருமுறை அதே பிள்ளைகளைத் தேடிப் போய் உயரம், நிறை, இரத்தம் எல்லாம் பார்த்தார்கள். பிள்ளைகள் ஆளான பிறகு உயரம் பார்க்க ஒன்றுமில்லை. இனி மனதை அளப்போம் என்று முடிவு செய்தார்கள். அந்தக் கட்டத்தில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

என் வேலை கேள்வி கேட்பது. "கடந்த இரண்டு வாரங்களில்" என்று தொடங்கி, தூக்கம், பசி, பயம், அழுகை, வாழ்க்கையில் பிடிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒருபோதும் இல்லை, சில நாள், பல நாள், எந்நாளும் என்ற நான்கில் ஒன்றை அவர்கள் சொல்ல வேண்டும். சொன்னதை அடையாளமிட்டுக் கூட்டினால் அந்த மனிதரின் மனம் ஓர் எண்ணாக வந்துவிடும்.

என் அப்பா வடக்கிலிருந்து வந்து மாத்தளைக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் மாத்தளையில்தான். வீட்டுக்குள் யாழ்ப்பாணத் தமிழ், வாசலைத் தாண்டினால் மலைநாட்டுத் தமிழ், சந்தியைத் தாண்டினால் சிங்களம் என்று வளர்ந்தேன். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் வாடகை வீட்டை எரித்தபோது, தெரு முனையில் வாசனைச் சரக்கு வியாபாரம் செய்த முஸ்லிம் முதலாளி எங்களைத் தன் கிட்டங்கிக்குள் ஏற்றிப் பூட்டினார். மிளகு மூடைகளுக்கு நடுவில் இருந்தோம். வெளியே ஆட்கள் நடமாடும் சத்தம் கேட்டது. மூக்கு எரிந்தது. தும்மக் கூடாது என்று அம்மா தன் சேலைத் தலைப்பை நனைத்து என் முகத்தில் இறுகக் கட்டினாள். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அப்பா ஒன்றுதான் சொன்னார்: "சீவன் தப்பினது காணும்." அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கொப்பிகள், பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கதவருகே வைக்கும் பழக்கம் மட்டும் வந்தது. எனக்குக் கல்யாணம் ஆன பிறகும் அந்தப் பை என் வீட்டுக் கதவருகே இருந்தது.

வேலைக்குச் சேர்ந்தவுடன் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டுப் பழக வேண்டும். என் ஜோடியாக வந்தவள் நாவுலவிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சிங்களப் பெண். என் வயதுதான். நான் அவளைக் கேட்டேன், அவள் என்னைக் கேட்டாள். ஆய்வுக்குப் பொறுப்பான டொக்டர், குழந்தைகளைத் தராசில் நிறுத்த காலத்திலிருந்தே இதில் இருக்கும் வயதான அம்மா, எங்கள் இரண்டு தாள்களையும் கையில் எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் மேலிருந்து கீழ்வரை ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை.

"உங்க ரெண்டு பேர் மாதிரி சுகமான ஆட்கள நான் இந்த நாட்டில கண்டதில்ல," என்றார்.

சிரித்துவிட்டு எழுந்து போனோம்.

கேள்விகளைத் தமிழாக்கியவர் கொழும்பில் இருந்த ஒரு படித்த மனிதர். "மனச்சோர்வு உற்றிருந்தீர்களா" என்று எழுதியிருந்தார். இரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் அதை நான் முதன்முதலாகக் கேட்டபோது கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பெண், "சோர்வு இல்லாம எப்படிங்க மிஸ், காலையில இருந்து மலையில நிக்கிறோம்," என்றாள். எல்லாருக்கும் எந்நாளும் சோர்வு. எண்களைப் பார்த்தால் தோட்டம் முழுக்க நோய். டொக்டரிடம் சொல்லி, "மனசு பாரமா இருந்திச்சா" என்று மாற்றினோம். மாற்றிய பிறகு கேள்வி எல்லாருக்கும் விளங்கியது. விளங்கியதும் இல்லை என்றார்கள்.

கேள்வி கேட்பதைவிடக் கடினம் ஆட்களைக் கண்டுபிடிப்பது. பிறந்த இடத்தில் பலர் இருக்கவில்லை. கலவரத்துக்குப் பயந்து வவுனியாவுக்குப் போனவர்கள், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன பெண்கள், வஹகோட்டைப் பக்கம் கல்யாணம் கட்டிப் போனவர்கள், மத்திய கிழக்குக்குப் போனவர்கள். தபால்காரரைக் கேட்டு, கோயில் ஐயரைக் கேட்டு, சில்லறைக் கடையில் பால் விடாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்து, எப்படியாவது ஒரு முகவரியைப் பிடித்துவிடுவோம். அதில் எங்களுக்குப் பெருமை இருந்தது. எங்கே போனாலும் ஆளைத் தேடிப் பிடிப்பவர்கள் என்று எங்களுக்குப் பேர்.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு நான் போனது அந்த முதல் சுற்றில்தான். அங்கே இரட்டைப் பிள்ளைகள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், எங்கள் பட்டியலில் இருந்தார்கள். தாய் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தகப்பன் பிள்ளைகள் சிறுவயதாக இருக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டவர். நான் யார் என்று சொன்னதும் தாயின் முகம் மலர்ந்தது.

"தராசுக்காரங்களா. உங்க டொக்டரம்மா நல்லா இருக்காங்களா? மகன அந்தக் குளிர்ந்த தட்டுல போட்டப்ப அவங்க விரலப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. இவன் பொழைச்சுருவான்னு சொன்னாங்க."

"ரெண்டு பேரையும் பாக்கணும் அம்மா."

"மக மலையில இருக்கா, இப்ப வந்துருவா. மகன் டவுனுக்கு வேலைக்குப் போயிருக்கான்."

மகள் வந்தாள். விரல்களில் கொழுந்துக் கறை. தாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். தனியாகக் கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஆனால் லயத்து அறையில் தனிமைக்கு எங்கே போவது. நான் கேள்வியை முடிப்பதற்கு முன்பே அவள் பதில் சொன்னாள். இல்லங்க மிஸ். இல்லங்க. ஒருநாளும் இல்லங்க. அழுகை வந்ததா என்று கேட்டபோது மட்டும் தாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க அழணும்," என்றாள். கூட்டிப் பார்த்தேன். பயிற்சி நாளில் எனக்கு வந்த அதே எண்.

மகன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பான் என்று தாய் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போனேன். "இப்பத்தான் வெளிய போனான், கொஞ்சம் முந்தி வந்திருந்தா பாத்திருக்கலாம்," என்றாள். அவன் உடுப்பு கொடியில் தொங்கியது. கழுவி, நீலம் போட்டு, சுருக்கமில்லாமல். நான் காத்திருந்தேன். தாய் சாயத்தண்ணி கொடுத்தாள், அவனுடைய சின்ன வயதுச் சேட்டைகளைச் சொன்னாள். மூடுபனி மலையிலிருந்து இறங்கி லயத்துக் கூரையைத் தொடத் தொடங்கியது. கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்தேன். மகள், "நான் வந்து விடுறேன் மிஸ்," என்று கூடவே வந்தாள்.

பாதை திரும்பி லயம் மறைந்த பிறகுதான் பேசினாள்.

"இனிமே அவனுக்காக வராதீங்க மிஸ். அவன் இல்ல."

எண்பத்தொன்பதாம் வருடம். தெற்கத்திச் சிங்களப் பொடியன்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பி, அரசாங்கம் அவர்களைத் தேடித் தேடி அழித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் மாவட்டத்தில் தெருவோரம் ஆட்களை டயரோடு எரித்த இடங்களை எல்லாரும் கண்ணைத் திருப்பிக்கொண்டு கடந்தோம். அவள் சகோதரனுக்கு அப்போது பதினேழு வயது. மாத்தளை டவுனில் ஓர் இரும்புக் கடையில் வேலை. அவனுக்கு அரசியல் எதுவும் தெரியாது. கடையில் கூட வேலை செய்த சிங்களப் பொடியன்களோடு சேர்ந்து திரிந்தான், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் இலக்கத் தகடு இல்லாத வேன் ஒன்று வந்து கடையில் இருந்த பொடியன்களை ஏற்றிக்கொண்டு போனது. முதலாளி ஆள் அனுப்பிச் சொன்னார். தாயும் மகளும் முகாம் முகாமாகப் போய்க் கேட்டார்கள். இங்கே அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள் எல்லா இடத்திலும்.

"ஆறு மாசம் அம்மா அலைஞ்சாங்க. அப்புறம் ஒருநா காலையில எழும்பி எனக்கும் அவனுக்கும் ரொட்டி சுட்டாங்க. அவன் ரொட்டிய ஒரு தாள்ல சுத்தி வச்சிட்டு, வேலைக்குப் போயிருக்கான்னு சொன்னாங்க. நானும் ஆமான்னு சொன்னேன். அன்னைக்குத் தொடங்கினது."

பஸ் வரும் சத்தம் கேட்டது. அவள் என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது.

"அம்மாகிட்ட நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க."

எங்கள் ஆய்வுக் கந்தோருக்குத் திரும்பி டொக்டரிடம் சொன்னேன். ஒருவரைக் கேட்க முடியாமல் போனால் அதற்குக் காரணம் போட வேண்டும். இறந்தார், மறுத்தார், வெளிநாடு, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சில காரணங்கள்தான் இருந்தன. டொக்டர் பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"இறந்தார்னு போட நமக்கு என்ன ஆதாரம் இருக்கு," என்றார். "கண்டுபிடிக்க முடியவில்லைன்னே போடுங்க."

அப்படிப் போட்டால் அடுத்த சுற்றில் மறுபடியும் தேட வேண்டிய ஆட்களில் அவன் வருவான் என்று எனக்கு அப்போது தெரியாது. கம்ப்யூட்டருக்கு அவன் உயிரோடுதான் இருந்தான். புதிய பட்டியல் அச்சாகி வரும்போதெல்லாம் பெயருக்குப் பக்கத்தில் அவன் வயது கூடியிருந்தது. இருபத்தைந்தைக் கடந்தான். முப்பதை நெருங்கினான். பஸ்ஸில் அந்த வயது ஆண் எவனாவது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவன் முகத்தை நான் ஏன் உற்றுப் பார்க்கிறேன் என்று எனக்கே புரியாமல் இருந்தது. நான் அவனைப் பார்த்ததே இல்லை. அவன் சகோதரியின் மூக்கையும் புருவத்தையும் ஓர் ஆண் முகத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, எனக்கென்று ஒரு முகம் உண்டாகியிருந்தது.

அடுத்த சுற்று வந்தபோது போர் நின்றிருந்த சமாதான காலம். யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது. அப்பா போய்த் தன் ஊர் வீட்டின் சுவர்களைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் ஒன்றும் பேசாமல் இருந்தார். இரட்டையர் குடும்பம் லயத்தில் இல்லை. மகளுக்குக் கல்யாணமாகி, புருஷனோடும் தாயோடும் இரத்தோட்டை வீதியோரம், கொக்கோ மரங்களுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். ஒரு பெண் குழந்தை. அன்று நாவுலக்காரியும் என்னோடு வந்திருந்தாள். அதே வீதியில் அவளுக்கும் சில சிங்கள வீடுகள் இருந்தன.

தாய் மெலிந்திருந்தாள். எங்களைக் கண்டதும் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வந்துட்டீங்களா. வீடு மாறிப் போனாலும் தேடி வந்துடுறீங்களே."

"அதுதானே அம்மா எங்க வேல."

"அதத்தான் நானும் மககிட்டச் சொன்னேன். அவங்க யாரையும் விட மாட்டாங்க, எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சுருவாங்கன்னு." என் முகத்தையே பார்த்தாள். "எங்களக் கண்டுபிடிச்சீங்க இல்ல? அப்ப அவனையும் கண்டுபிடிப்பீங்கதானே?"

அதுவரை வேலைக்குப் போயிருந்தவன் முதல் தடவையாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவன் ஆனான். மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. எங்களால் அது முடியாது என்பதைத்தான் எப்படியோ சொன்னேன். தாய் தலையை ஆட்டினாள்.

மகளைக் கேட்டு முடித்தேன். மறுபடியும் எல்லாம் இல்லை. தாள்களை எடுத்து வைக்கப்போன என் கையைத் தாய் தடுத்தாள்.

"அவனையும் கேளுங்க மிஸ்."

"அவரு இல்லாம கேக்க முடியாதும்மா."

"ஏன் முடியாது? சின்னதுல நாந்தானே அவனுக்காகச் சொன்னேன். பால் குடிக்கிறானா, வயித்தால போகுதான்னு டொக்டரம்மா கேட்டாங்க. அவனா சொன்னான்? நாந்தான் சொன்னேன். இப்ப மட்டும் என்ன?"

நாவுலக்காரிக்குத் தமிழ் பேச வராது, கேட்டால் விளங்கும். அவள் மெல்லச் சிங்களத்தில் என்னிடம், "கேள்," என்றாள். தாள்களைப் பைக்குள் போட்டு மூடினேன். கேள்விகள் எனக்கு மனப்பாடம்.

"நல்லாத் தூங்குறாரா அம்மா?"

"படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான். இவதான் தண்ணி தெளிச்சு எழுப்பணும்."

"பசி?"

"பசி தாங்க மாட்டான். பசி வந்தா கோவம் வந்துரும்."

"ரொட்டிக்கு கட்டச் சம்பல் இருந்தாப் போதும் அவனுக்கு," என்றது அடுப்படியிலிருந்து ஒரு குரல். மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். தாய் அவளைப் பார்த்துச் சிரித்தாள். இருவரும் ஒரே ஆளைப் பற்றிச் சேர்ந்து பேசி எத்தனை காலமாயிற்றோ.

"காரணம் இல்லாம பயம் வருதா?"

"அவன் எதுக்கும் பயப்பட மாட்டான். இருட்டுக்கு மட்டுந்தான். கக்கூசுக்குப் போகணும்னாக்கூட இவளத் தொணைக்குக் கூட்டிக்கிட்டுத்தான் போவான்."

"வெளிய நின்னு நான் பாட்டுப் பாடிக்கிட்டே இருக்கணும்," என்றாள் மகள். "நிப்பாட்டினா உள்ள இருந்து கத்துவான்."

சிரித்தோம். நாவுலக்காரியும் சிரித்தாள். அப்படியே அடுத்த கேள்விக்குப் போனேன். எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்விதான்.

"மனசுல இருக்கிறதச் சொல்றதுக்குப் பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

தாய் சொல்ல வாயெடுத்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே நிற்க, கண் மட்டும் வேறெங்கோ போனது. வீதியில் ஒரு லொறி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போய் மறைந்தது.

"அங்க யாரு இருந்திருப்பா," என்றாள். பிறகு மகளைப் பார்த்துக் கேட்டாள்: "பயந்திருப்பான் இல்ல? வேனுக்குள்ள இருட்டாத்தானே இருந்திருக்கும்?"

அந்த வருடங்கள் முழுவதும் மகன் முடிந்துபோனவன் என்பதுபோல் அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை. தூங்குவான், சாப்பிடுவான், வருவான், போவான். இப்போது பயந்திருப்பான். வேனைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்ததும் அன்றைக்குத்தான். மகள் குழந்தையை நாவுலக்காரியின் மடியில் வைத்துவிட்டுத் தாயிடம் போய் உட்கார்ந்தாள். தாயின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நாங்கள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினோம்.

பஸ்ஸில் நாவுலக்காரி யன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அழுகிறாள் என்று பிறகுதான் கண்டேன். அவளுக்கும் ஒரு அண்ணன் இருந்திருக்கிறான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவன். அதே வருடம், அதே மாதிரி ஒரு வேன். பல வருடங்கள் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக பஸ்ஸில் அலைந்த எனக்கு அது தெரியாது.

"பயிற்சியில நான் கேட்டப்போ ஒருபோதும் இல்லைன்னு சொன்னியே," என்று சிங்களத்தில் கேட்டேன்.

"நீயும்தானே சொன்னாய்," என்றாள்.

அப்போதுதான் நான் அவளுக்கு மிளகுக் கிட்டங்கியைப் பற்றிச் சொன்னேன். மாத்தளை பஸ் நிலையம் வந்தும் இருவரும் இறங்காமல் இருந்ததால் கண்டக்டர் வந்து சத்தம் போட்டார்.

ஒரு வாரம் கழித்து மகள் ஒரு கடையிலிருந்து கந்தோருக்கு போன் பண்ணினாள். அம்மா சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள் என்றாள். டொக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. காரை எடுக்கச் சொல்லி அவரே வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டார். தாய் கண் திறந்து, "பொழைச்சுருவான்னு சொன்னீங்களே டொக்டரம்மா," என்றாள். குற்றஞ்சாட்டும் குரல் இல்லை. ஞாபகப்படுத்துவது போலத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மருந்து கொடுத்து, பிறகு மகள் ஊட்டி ஊட்டி, கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி உட்கார்ந்தாள்.

நாங்கள் கேட்காமலே இருந்திருந்தால் என்று நினைத்து நான் குழம்பிய நாட்களில், மகளிடமே அதைக் கேட்டேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"எத்தன வருஷமா தெனமும் அவன வேலைக்கு அனுப்பிக்கிட்டே இருந்தேன் மிஸ். எனக்கு ஏலாமப் போயிருச்சு."

அந்த வருடம் ஆடி அமாவாசைக்கு அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். இறந்த நாள் தெரியாதே என்று தாய் ஐயரைக் கேட்டாள். தெரியாதவர்களுக்கெல்லாம் அமாவாசைதான் அம்மா என்றார் அவர். மருமகன்தான் ஆற்றில் இறங்கிச் செய்தான். தாய் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிண்டத்தைத் தண்ணீரில் விட்டபோது அது உடனே கரையாமல் ஒரு கல்லில் தட்டி நின்றது. "பசி தாங்க மாட்டான்," என்று தாய் முணுமுணுத்தாள். பிறகு தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு போனது.

மூன்றாம் சுற்றுக்கு நான் போனபோது தாய் இல்லை. முந்தின வருடத்துக்கு முந்தின வருடம், மாசி மகத் தேர் முடிந்த கையோடு போய்விட்டாள். டொக்டரும் ஓய்வு பெற்றுவிட்டார். நாவுலக்காரி இத்தாலிக்குப் போய் அங்கே வயதான ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். நான் மட்டும் அதே பையோடு அலைந்தேன். 2009, மே மாதம். போர் முடிந்துவிட்டது என்று அறிவித்த வாரம். வீதியெல்லாம் கொடி. காலையிலிருந்து பட்டாசு.

மகளை இந்த முறை தனியாகக் கேட்க முடிந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தாள், புருஷன் வேலைக்கு. மனசு பாரமாக இருந்ததா என்றேன். "பல நாள்," என்றாள். நான் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தேன். "எழுதுங்க மிஸ்." தூக்கம் வரவில்லையா? சில நாள். அழுகை வந்ததா? "எந்நாளும். காலையில ரொட்டி சுடும்போது வரும். சுட்டு முடிஞ்சா நின்னுரும்." ஒவ்வொரு கேள்விக்கும் முன்பு கொஞ்சம் யோசித்தாள். காரணம் இல்லாமல் பயம் வந்ததா என்று கேட்டபோது வீதியில் கட்டுக்கட்டாகப் பட்டாசு வெடித்தது. இருவரும் துள்ளிவிட்டோம். சத்தம் அடங்கிய பிறகு அவள் கேட்டாள்:

"காரணம் இல்லாமலா கேக்குறீங்க?"

"அப்படித்தான் இருக்கு கேள்வி."

"அப்ப ஒருபோதும் இல்லைன்னு போடுங்க."

கூட்டினேன். முந்தைய சுற்றுகளோடு ஒப்பிட்டால் அவள் மனநலம் மிகவும் மோசமாகியிருந்தது. அறிக்கையில் அவள் அப்படித்தான் போயிருப்பாள், மோசமடைந்தவர்களில் ஒருத்தியாக. எனக்கு எதிரே இருந்தவளோ நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்து, கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நான் எண்ணை மாற்றவில்லை. அவள் சொன்னதுதான் அது.

கடைசியாக அவள் சகோதரனைப் பற்றிக் கேட்டேன். இன்னும் தேட வேண்டியவனாகவே அவன் பெயர் வந்திருக்கிறது, என்ன செய்ய என்றேன். இறந்ததாகச் சான்றிதழ் எடுத்தால் அரசாங்கம் நட்டஈடு தரும் என்று முன்பு சொன்னபோது தாய் கையெழுத்து வைக்க மறுத்திருந்தாள். அம்மா போன பிறகு தானே போய் எடுத்துவிட்டதாக மகள் சொன்னாள்.

"அதுல என்ன காரணம்னு ஒண்ணும் சரியா இல்லைங்க. இருந்தாலும் எடுத்தேன். நீங்களும் போடுங்க மிஸ். அவன இனிமே யாரும் தேட வேணாம்."

அவளுக்கு முன்னாலேயே இறந்தார் என்று போட்டேன். அவள் எட்டிப் பார்த்து, நான் எழுதியதை வாய்க்குள் வாசித்தாள்.

பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமென்று அவளும் என்னோடு சந்தி வரைக்கும் வந்தாள். சந்தியில் இளைஞர்கள் மேசை போட்டுப் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வருகிற பஸ்ஸை எல்லாம் மறித்து, யன்னல் வழியாக நீட்டினார்கள். முகத்தில் கொடியின் நிறங்களைப் பூசியிருந்த ஒருவன் எங்களைக் கண்டு வாழையிலைத் துண்டோடு ஓடி வந்தான். "நோனாலாட்டத் கன்ன," என்று சிரித்தான், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. இனிமையான முகம். அவனுக்குப் பதினேழு, பதினெட்டு இருக்கலாம்.

நான் எடுத்தேன். அவளும் எடுத்தாள். அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் இருவரும் வாயில் போட்டுக்கொண்டோம். அவள் "ஸ்தூதி மல்லி" என்று, தம்பி என அழைத்து நன்றி சொல்லி, "சாப்பிட்டீங்களா?" என்று அவனைச் சிங்களத்தில் கேட்டாள். இன்னும் இல்லை, காலையிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறோம் என்றான் அவன். "சாப்பிடுங்க, பசியோட நிக்காதீங்க," என்றாள்.

எனக்கு பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து பார்த்தபோது, அவள் பள்ளிக்கூடப் பை மாட்டிய தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராத பக்கமாக வீதியைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள்.